இளமாறன் படத்திறப்பு

"கம்பித் துண்ட கீழ போடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? கூட்டறப்ப கால்ல குத்துது."

இளமாறன் புதுக்கம்பி மாட்டிய கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை நறுக்கிக்கொண்டிருந்தான். மனைவி செந்தமிழ்ச்செல்வி இன்னொரு முறை கத்தியதும் குனிந்து, துண்டுகளைப் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தான். "எண்ணிப் பாத்துக்க. ஆறும் இருக்குது. ஒண்ணு கம்மின்னா நான் வந்தப்புறம் திட்டு."

அந்தக் கிடாரைச் சுவரில் மாட்டிவிட்டு, இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளிமலைக் கோயில் திருவிழாக் கச்சேரிக்குக் கிளம்பினான். மறுநாள் காலை மலையிறங்கிய ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்தது. உள்ளே ஒன்பது பேர். எட்டுப் பேர் பிழைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறியது. மகள் அபிநயா அதைப் போனில் படம் பிடித்து வந்து காட்டினாள். கறுப்புச் சட்டையில் கைகூப்பி நிற்கும் பாடகன் சிவசங்கர் ஆளுயரத்துக்கு இருந்தான். செத்தவன் ஒரு மூலையில், வட்டத்துக்குள் இருந்தான். கீழே, 'எங்கள் கல்லுப்பட்டறை குழுவின் உதவிக் கலைஞர்' என்று போட்டிருந்தது.

செல்வி பத்திர எழுத்தர் ஆபீசில் டைப் அடிப்பவள். ஒரு வார்த்தை மாறினால் ஒரு காடே கைமாறிப் போகும் என்று தெரிந்தவள். மூன்று நாளாக அழுதுகொண்டிருந்தவள் அந்த வார்த்தையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"யாருக்கு உதவி?" என்றாள்.

அவன் வாசிக்காத வாத்தியம் கிடையாது. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவன். பேண்டு செட்டில் டிரம் அடித்தான். திருவிழாக் குழுவில் கீபோர்டு வாசித்தான். சென்னைக்குப் போனபின் ஸ்டுடியோக்காரர்கள் கூப்பிடும் நேரத்துக்குப் போய், கிடார், பேஸ், மாண்டலின், மவுத் ஆர்கன் என்று எதைக் கேட்டார்களோ அதை வாசித்துவிட்டு வந்தான். யார் யார் படத்துக்கோ வாசித்தான். திரையில் பேர் வராது. அது அந்தத் தொழிலில் வழக்கம்தான் என்பான்.

கல்லுப்பட்டறை அப்படியில்லை. அது அவனுடைய சொந்தக் குழு என்றுதான் செல்வி நினைத்திருந்தாள். ராக் இசைக் குழு. பாடுவது சிவசங்கர். சிவசங்கரின் அப்பாவுக்குக் கரும்புக் காடு எட்டு ஏக்கர். இளமாறனின் அப்பா மாயவன் அதில் கூலிக்குப் போனவர். சென்னையில் இளமாறன் அவனை 'சிவா' என்று கூப்பிடுவான். ஊருக்கு வரும் வண்டி உளுந்தூர்பேட்டையைத் தாண்டிவிட்டால் அது 'சிவாங்க' ஆகிவிடும்.

அந்தக் குழுவை ஊருக்குத் தெரியவைத்தது 'ஓடைக்கல்' என்கிற பாட்டு. அதன் நடுவில் ஒன்றரை நிமிஷம் கிடார் மட்டும் தனியாக வரும். காலேஜ் பிள்ளைகள் அதைத்தான் ரிங்டோனாக வைத்தார்கள். அது பதிவான அன்று சிவசங்கர் தங்கச்சி கல்யாணத்துக்காக ஊரில் இருந்தான். இளமாறன் ஒருத்தனே டிரம், பேஸ், கிடார் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து முடித்தான். கல்யாணமாகி மூன்று மாதமே ஆன செல்வி ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு வெளிவந்தபோது 'கிடார்: சிவசங்கர்' என்று இருந்தது. "மேடையில அவருதான வாசிக்கப் போறாரு, வுடு" என்றான் இளமாறன். அவள் விட்டாள். பதினெட்டு வருஷம் விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மண்டபத்தில் படத்திறப்பு. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்த கிடாரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சிவசங்கர் படத்தைத் திறந்துவைத்து மைக்கைப் பிடித்தான்.

"ஓடைக்கல்ல என் கிடாரக் கேட்டு ஊரே அழுவுது. ஆனா எனக்குப் பின்னால தம்பி இளமாறன் நின்னான்ங்கறது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும்."

செல்வி எழுந்தாள். மாமியார் ஜெயம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. என் பெரிய புள்ள அவுங்க காட்டதான் குத்தகைக்கு ஓட்டிக்கினு கீறான். வவுத்துல அடிக்காத."

முந்தானையை உருவிக்கொண்டு செல்வி முன்னால் போனாள். தாலியறுத்த பதினாறாம் நாள் ஒருத்தி மைக்குக்கு முன்னால் போய் நிற்பதை அந்த ஊர் பார்த்ததில்லை.

"சிவாங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்தப் பாட்டுல வாசிச்சது இவருன்னு சொல்லிட்டுப் போங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"இந்தாம்மா, துக்கத்துல இருக்கற. போய் உக்காரு."

"துக்கம் என் வூட்டுல கீது. பதிலு உங்ககிட்ட கீது."

பின்னாலிருந்து யாரோ, "பொம்பளைக்குத் திமிரப் பாரு" என்றார்கள். சிவசங்கர் சிரித்தான். "சாட்சி இருக்குதா உனக்கு?"

"நான் பாத்தேன்."

"பொண்டாட்டி சாட்சி செல்லாது. பத்திர ஆபீஸ்ல இருக்கற, இதுகூடத் தெரியாதா?" கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெம்பைக் கொடுத்தது. படத்துக்குப் பக்கத்தில் இருந்த கிடாரை எடுத்தான். "ஜனங்களே சொல்லட்டும். தம்பி, மைக்க கிட்ட கொண்டாங்க."

இவனுக்கு வராது என்றுதான் செல்வி நினைத்தாள். அங்கேதான் ஏமாந்தாள். ஒன்றரை நிமிஷமும் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தான். எப்படி வராமல் போகும்? மேடையில் வாசிக்க வேண்டுமே என்று ஒரு மாசம் முழுக்க அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இளமாறனின் கையைப் பார்த்துப் பார்த்துப் படித்தவன்தானே. இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தது அவள்தான். துக்க மண்டபம் என்பதை மறந்து கை தட்டினார்கள்.

"இன்னாம்மா, போதுமா?" என்றான் சிவசங்கர்.

தலையைத் தொங்கப்போட்ட செல்வியின் கண், கிடாரின் கழுத்தைப் பிடித்திருந்த அவன் இடது கையில் போய் நின்றது.

இளமாறனுக்கு இடது கைச் சுண்டு விரல் பாதிதான். பதினைந்து வயசில் கரும்புக் காட்டில் கொடுவாள் பட்டு மேல் இரண்டு கணுவும் போய்விட்டது. மிச்சத்தை மடக்கி வைத்துக்கொண்டு மூன்று விரலால்தான் வாசித்தான். எட்டாத சுரத்துக்கு மோதிர விரலை இழுத்துக்கொண்டு ஓடுவான். அந்த இழுப்புத்தான் ஊரை அழவைத்தது.

சிவசங்கரின் சுண்டு விரல் முழுசாக இருந்தது. பாட்டு முழுக்க அது உள்ளங்கையோடு ஒட்டி மடங்கிக் கிடந்தது. இப்போதும் அப்படியேதான் இருந்தது.

"சிவா," என்றாள் செல்வி. "உன் சுண்டு விரலுக்கு இன்னா ஆச்சு?"

அவன் குனிந்து பார்த்தான். தன் கையைத் தானே முதல்முறை பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். "பழக்கம்" என்றான்.

ஜெயம்மாள் எப்போது எழுந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவன் கையைப் பிடித்து, மடங்கின விரலைப் பிரித்து நீட்டினாள்.

"யாரு பழக்கம்டா? என் புள்ளைக்கு வெட்டுப்பட்டு மடக்கினான். உன்னுத எவன்டா வெட்டினான்?"

"ஆத்தா, கைய வுடு."

"உங்க காட்டுலதான்டா போச்சி அந்த வெரலு. துணியச் சுத்திக்கினு நான்தான் ஓடினேன். அதயும் சேத்துத் திருடிக்கினியா நீ?"

கை தட்டினவர்கள் தங்கள் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள். சிவசங்கர் கையை உதறிக் கிடாரை நாற்காலியில் வீசிவிட்டுப் படியிறங்கினான். காரில் ஏறும்வரை செல்வி கேட்ட அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கி, "சோத்துக்கு வருவீங்கடா" என்று மட்டும் சொன்னான்.

அந்த மாசமே குத்தகை போனது. பெரியவன் இப்போது அரவை மில்லில் மூட்டை தூக்குகிறான். தம்பி பொண்டாட்டியிடம் பேசுவதில்லை. ஜெயம்மாள் மட்டும் செல்வியின் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பாட்டுக் கம்பெனிக்கு செல்வி மூன்று கடிதம் போட்டாள். பதில் வரவில்லை.

ஐப்பசியில் சின்னசேலத்தில் கல்லுப்பட்டறை கச்சேரி நடந்தது. யாரோ எடுத்த வீடியோவை அபிநயா போனில் காட்டினாள். கூட்டம் ஜாஸ்தி. சிவசங்கர் ஓடைக்கல் வாசித்துக்கொண்டிருந்தான். அபிநயா படத்தை நிறுத்தி, அவன் இடது கையைப் பெரிதாக்கினாள்.

சுண்டு விரல் மடங்கித்தான் இருந்தது.