கஃபூரைச் சுமந்தவர்கள்

பிலிப்பைன்ஸின் தெற்கே ஹோலோ தீவில் மழை விட்டிருந்த காலை அது. மருத்துவமனையிலிருந்து கடத்தப்பட்ட நர்ஸ் ரோசெண்டாவைத் தேடி மலையேறிக்கொண்டிருந்தோம். துரியன் தோப்பின் ஓரத்தை எட்டியதும் முதல் குண்டு லெப்டினன்ட் துமலாவின் கழுத்தில் பாய்ந்தது. எங்கள் ராணுவ ரேஞ்சர் பிரிவின் மருத்துவ உதவியாளன் நான். காயத்துக்குள் விரல்களை விட்டு அழுத்தினேன். ரத்தம் முழங்கை வரை சூடாக வழிந்தது. அவர் என் சட்டையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். பிடி தளர்ந்துவிட்டது.

சார்ஜென்ட் முக்சின் தவழ்ந்து வந்து அவர் கண்களை மூடினார். முக்சின் இந்தத் தீவிலேயே பிறந்தவர், எங்களில் அவர் ஒருவர்தான் முஸ்லிம்.

மேலே பாறைகளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அதில் ஒரு குரல் கடத்தல் கும்பலின் தலைவன் கஃபூருடையது.

"முக்சினு, நீயா வந்திருக்க? பட்டாளத்துப் பன்னிக்கறி உடம்புல நல்லா ஒட்டுதாடா?"

"உங்கம்மா வச்ச மீனத் தின்னு வளந்த உடம்புடா இது. அவங்க இன்னும் உனக்குன்னு தனியா சோறு எடுத்து வைக்கிறாங்க. எறங்கி வந்து தின்னுட்டுப் போ."

பேச்சுக் கொடுத்தபடியே முக்சின் இடது கையால் சைகை காட்டினார். எங்களில் நால்வர் ஓடைப் பள்ளத்தில் இறங்கி மறைந்தார்கள்.

கஃபூருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரோசெண்டாவை முடியைப் பிடித்து இழுத்து, பாறைக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த அடுப்பருகே நிறுத்தினான். அவள் கைகள் முன்பக்கம் கட்டப்பட்டிருந்தன. கழுத்தில் பாரோங் கத்தி.

"எல்லாரும் திரும்பிப் போங்க. இல்லன்னா இவ தல மட்டும் உருண்டு வரும்."

முக்சின் துப்பாக்கியைச் சேற்றில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"சார்ஜென்ட், படுங்க சார்," என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம வழக்கு நமக்குள்ள, கஃபூர். அவ யாரு பெத்த புள்ளையோ. விட்டுடு. நான் வர்றேன்."

கைகளை விரித்தபடி மேலேறினார். அவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் கஃபூர் கத்தியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு கைத்துப்பாக்கியை நீட்டினான். அந்த நொடியில் ரோசெண்டா அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை எட்டி உதைத்தாள். கொதிக்கும் கஞ்சி கஃபூரின் கால்களில் கொட்டியது. அவன் அலறிக்கொண்டே சுட்ட குண்டு முக்சினின் தொடையைக் கிழித்தது. விழும்போதே அவர் கஃபூரை இழுத்துக்கொண்டு விழுந்தார்.

பள்ளத்திலிருந்து எங்கள் ஆட்கள் சுடத் தொடங்கினார்கள். நாங்களும் சுட்டுக்கொண்டே ஓடினோம். கும்பலில் ஒருவன் சரிந்த குடலைக் கையில் பிடித்தபடி ஓடி, மரத்தில் மோதி விழுந்தான். இன்னொருவன் கையெறி குண்டின் வளையத்தை உருவி, வீசுவதற்குள் சிதறிப்போனான். எதிரே சேற்றில் முக்சினும் கஃபூரும் கட்டிப் புரண்டார்கள். கத்தி முக்சினின் கைக்கு வந்தது. கஃபூரின் கழுத்தில் ஒரு வெட்டு. மறுபடி ஒரு வெட்டு. பிறகு அவன் மார்பிலேயே முகத்தை வைத்துக் கிடந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரோசெண்டா கட்டிய கைகளாலேயே அவர் தொடையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னையே பாக்காத. கயித்த அறு," என்றாள். அந்தக் கயிற்றைக் கொண்டே தொடையை இறுக்கிக் கட்டினோம்.

முக்சின் என் கையைப் பிடித்தார். "இவன இங்க விட்டுடாதீங்கடா. பொழுது சாயறதுக்குள்ள மண்ணுக்குள்ள போகணும். அவங்கம்மாகிட்ட கொண்டுபோங்க."

"லெப்டினன்ட்ட கொன்னவன் சார். இவன நாங்க தூக்கணுமா?"

"எனக்காகத் தூக்குங்க."

ஹெலிகாப்டர் ரோசெண்டாவையும் முக்சினையும் லெப்டினன்ட்டின் உடலையும் ஏற்றிச் சென்றது. நாங்கள் கஃபூரை மழைக்கோட்டில் சுற்றி மூங்கிலில் கட்டித் தூக்கினோம். மலையிறங்கி அவன் அம்மாவின் வீட்டுக்கு நடந்தோம்.

அவன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்துத் துணியை விலக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு வெட்டுனது?"

"முக்சின்," என்றேன் நான்.

"அவனாச்சும் உசுரோட இருக்கானா?"

"இருக்காரும்மா. கால் போயிடும் போலிருக்கு."

அவள் துணியை மூடிவிட்டு வாசலை விட்டு ஒதுங்கினாள்.

"உள்ள கொண்டாங்க. குளிப்பாட்டணும்."