துஷ்யந்தன் அடுக்கிய கற்கள்

யூட்டாப் பாலைவனத்தில் நான் வழி தவறவில்லை. போன மே மாதத்திலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஒஸ்லோவில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் யாராவது சாப்பாட்டுத் தட்டோடு வந்து, “என்ன ரஞ்சினி, வீட்டை போக வழி தெரியுமோ?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கதையைப் பரப்பியவர் துஷ்யந்தன், என் உயிர்த்தோழி சிறிதேவியின் கணவர். கதை சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர். அதுதான் வினை.

நடந்தது இதுதான். அவர்கள் இருவர், நான், துஷ்யந்தனோடு வேலை செய்கிற கோயம்புத்தூர் சிவராமன் என்று நால்வர் போனோம். லாஸ் வேகாஸில் கார் வாடகைக்கு எடுத்துப் பன்னிரண்டு நாள், சிவப்புப் பாறையும் பள்ளத்தாக்குமாக ஓடித் திரிந்தோம். ஐந்தாம் நாள் ஒரு தேசியப் பூங்காவில் பள்ளத்தாக்கின் விளிம்பைப் பார்க்க ஒரு மணி நேரம் நடந்தோம். வெறும் பாறை. காலடித் தடம்கூட விழாது. அதனால் கற்களை முழங்கால் உயரத்துக்கு அடுக்கி வழி காட்டியிருந்தார்கள். நோர்வே மலைகளிலும் இதே வழக்கம்தான், வார்டே என்பார்கள். நாங்கள் வந்த புதிதில் மொழி வகுப்பு ஆசிரியை எங்களை மலைக்குக் கூட்டிப்போய் முதலில் சொன்னதே, மூடுபனி வந்தால் வார்டேயை விட்டு விலகாதீர்கள் என்பதுதான். பக்கத்தில் நின்று கேட்டவள் சிறிதேவி.

திரும்பும்போது என் குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது.

“நீங்கள் போங்கோ. நான் பிளாஸ்டர் ஒட்டிப்போட்டு, கல்லைப் பாத்து வாறன்” என்றேன்.

போனார்கள். வலி அடங்க முக்கால் மணி நேரம் ஆனது, பிறகு எழுந்து நடந்தேன். ஓரிடத்தில் கற்கள் இடப்பக்கம் திரும்பின, நானும் திரும்பினேன். ஆறாவது குவியல் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே நின்றது. அதற்கப்பால் ஆகாயம். கொளுத்துகிற வெயில், போத்தலில் நாலு மிடறு தண்ணீர், ஃபோனில் சிக்னல் இல்லை. அடுத்த குவியலைத் தேடி அங்குமிங்கும் ஓடினேன். முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். தண்ணீர் இல்லாத உடம்பில் எது எதற்குப் பிறகு நின்றுபோகும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். அன்று அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஒரு மணி நேரம் போனபிறகுதான் குந்தியிருந்து அந்தக் கற்களை உற்றுப் பார்த்தேன். வெயில் படாத பக்கங்கள் மேலே தெரிந்தன. அப்போதுதான் புரட்டி எடுத்த கற்கள். எவனோ விளையாட்டுக்கு அடுக்கியிருக்கிறான்! இன்னொருத்தி இதை நம்பி வந்தால்? வந்த வழியே திரும்பி, ஆறையும் தள்ளி விழுத்தி, கற்களைத் திக்குக்கொன்றாக எறிந்துவிட்டுத்தான், பழைய குவியல்களைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனேன். இரண்டு நகம் பிய்ந்தது.

காரடியில் சிறிதேவி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அதை மறைக்கமாட்டேன். ஆனால் அன்று பின்னேரம் துஷ்யந்தனின் பெரிய கமெராவை எடுத்து ஒரு படம் காட்டினாள். விளிம்பில் துஷ்யந்தன் கையை விரித்து நிற்கிறார். அவரிடம் போகிற மாதிரி வரிசையாகக் கல் குவியல்கள்.

“நீ பின்னாலை இருக்கேக்கை, படம் வடிவா வரும் எண்டு இவர்தான் அடுக்கினவர்” என்றாள்.

“இதைப் பாத்துத்தான் நான் போனனான்.”

“நாலு கல்லைப் பாத்து ஆரும் பள்ளத்துக்குள்ளை போவினமே?” என்று துஷ்யந்தன் சிரித்தார். சிவராமனும் சிரித்தார். சிறிதேவி நிலத்தைப் பார்த்தாள். இன்னும் ஏழு நாள் ஒரே காரில் போகவேண்டுமே என்று நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

போன ஞாயிறு, ஒஸ்லோவுக்குப் பக்கத்திலுள்ள லோறென்ஸ்கூக்கில் அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. அடுத்த பயணம் மொராக்கோ. துஷ்யந்தன் தொலைக்காட்சியில் வரைபடத்தைப் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். எந்த வாரத்துக்கு லீவு கேட்கவேண்டும் என்று நான் கேட்டேன். துஷ்யந்தன் வரைபடத்தைப் பெரிதாக்கினார்.

“ரஞ்சினிக்கா, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் சிவராமன். “இந்தத் தடவை எங்க ஆஃபீஸ்ல இருந்து ஒருத்தர் வர்றார். கார்ல நாலு பேருக்குத்தான் வசதி.”

“அங்கையும் பள்ளத்தாக்குத்தான்” என்றார் துஷ்யந்தன். “உங்களைத் தேடித் திரிய எங்களுக்குத் தெம்பில்லை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்ததையும் செய்துவிட்டு, பழியையும் என் தலையில் போட்டு, இப்போது என் இடத்தையும் பறிக்கிறார்களா?

“நான் வழி தவறேல்லை! நீங்கள்தான் பிழையான வழி போட்டனீங்கள். நீங்கள் அடுக்கின ஆறையும் இந்தக் கையாலைதான் தட்டி விழுத்தினனான். இன்னொரு ஆள் சாகக்கூடாது எண்டு. நீங்கள் காருக்குள்ளை ஏசியைப் போட்டுக்கொண்டு இருந்தனீங்கள்!”

துஷ்யந்தன் சிரிக்க வாயெடுத்தார். சிறிதேவி குறுக்கிட்டாள்.

“ஆறோ?”

“ஓம், ஆறு.”

“ரஞ்சினி, நாங்கள் ஒன்பது வைச்சனாங்கள்.”

விளிம்புக்குக் கீழே படிபோல ஒரு பாறை இருந்ததாம். கீழேயிருந்து ஒரு படம் எடுக்க அங்கேயும் மூன்று அடுக்கினார்களாம்.

“காத்துல விழுந்திருக்கும்க்கா” என்றார் சிவராமன்.

“தம்பி, நான் ரெண்டு கையாலையும் தள்ளித்தான் விழுந்தது. காத்துக்கு விழாது.”

சரியான வழியில் போகிறவருக்கு அந்த மூன்றும் கண்ணில் படாது. ஏற்கெனவே வழி தப்பி, விளிம்பில் நின்று தவிக்கிறவருக்குத்தான் படும். பட்டால் இறங்குவார். நான் அன்று தலை சுற்றுமென்ற பயத்தில் கீழே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன். அதைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“அந்தப் பூங்கா அலுவலகத்துக்கு எழுதுங்கோ. இப்பவே.”

“பேர் போட்டு எழுதினால் பிறகு அமெரிக்காவுக்குள்ளை விடமாட்டாங்கள்” என்றார் துஷ்யந்தன். அவர் வாயில் முதலில் வந்தது அதுதான்.

சிறிதேவி மடிக்கணினியை இழுத்துத் திறந்தாள். “நான் என்ரை பேர்லை எழுதுறன். எந்த இடமப்பா அது?”

துஷ்யந்தன் நெற்றியைத் தேய்த்தார். சிவராமன் ஃபோனில் தேடினார். எந்தக் கிளைப்பாதை, விளிம்பு எந்தப் பக்கம், மூவருக்கும் தெரியவில்லை.

“கார் விட்ட இடத்திலையிருந்து எழுது” என்றேன். மணல் ஓடை, பிளந்த பாறை, அதிலிருந்து இடப்பக்கம் திரும்புகிற இடம், அங்கேயிருந்து எத்தனை அடி என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். சிறிதேவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதி, அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள்.

நான் வெளிக்கிடும்போது துஷ்யந்தன் வாசல்வரை வந்தார்.

“மொராக்கோவுக்கு நீங்களும் வாங்கோ, ரஞ்சினி.”

“ஆரை நம்பி?” என்று கேட்டேன்.