சுமை உள்ளவருக்கு வழி

1

வந்திருந்தவர்கள்: உப்பளத்துக் கொட்டகையில், கவிழ்த்த கூடைமேல் மேரிசெல்வி. கூட வேலை பார்க்கும் கன்னியப்பன் வாசற்படியில், கால் இரண்டும் வெயிலில். பிளாஸ்டிக் நாற்காலியில் நான், மடியில் பரீட்சை அட்டை.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. மேரிசெல்வி சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தில் மிஞ்சியது. (போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். போனில் புத்தி சொன்னால் மகள் "சரிம்மா" என்று வைத்துவிடுகிறாள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சென்னை மாநகரின் மக்கள் வெள்ளத்தில்...'

அடித்துவிட்டேன். நான் சென்னையைப் பார்த்தது இரண்டு தடவை. இரண்டும் கண் ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றி, பார்வை மங்கிய பிறகு.

விஷயம் இதுதான். மகள் ஜான்சிக்குக் கிண்டியில் புது வேலை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏற வேண்டும். மூன்று ரயிலை விட்டுவிட்டு, கூட்டம் குறைந்ததும் நான்காவதில் போகிறாள். இன்னும் ஒருநாள் தாமதமானால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"இடிச்சிக்கினு ஏறச் சொல்லி எழுதுங்க சார்," என்றார் கன்னியப்பன்.

"எம்பொண்ணு இடிக்கமாட்டா. லீவுல எங்கூட உப்பு தூக்குனவ."

[அடிக்குறிப்பு: பாத்திகளுக்கு நடுவே வரப்பில் ஒரு ஆள்தான் நடக்கலாம். எதிரே உப்புக்கூடையோடு யாராவது வந்தால், சும்மா வருகிறவர் இறங்கி நிற்க வேண்டும். அதில் பேச்சே கிடையாது.]

3

இந்த ஜான்சி பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. இவ்வளவு பயந்தவளா? போனில் நானே கேட்டேன்.

"பயம்லாம் இல்ல சார். எல்லாரும் முதுகுல மூட்டையாட்டம் பேகோட வர்றாங்க. நான் கைய வீசிக்கினு போறேன். நான்தான ஒதுங்கணும்?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மேரிசெல்வி தலையாட்டினாள். "நியாயந்தான?"

"ஏக்கா, அந்த ஊரே சுமையோடதான் திரியுது. இது எப்ப ஏறுறது?" என்றார் கன்னியப்பன்.

"அப்ப இவளுக்கும் ஒரு சுமை குடுத்துட்டா போச்சு."

4

முடிவுகள்.

அ) வேலை போய், ஜான்சி ஊர் திரும்புகிறாள். "அத அடிங்க சார்," என்றாள் மேரிசெல்வி.

ஆ) மறுநாளே முதல் ரயிலில்... இதை நானே நம்பவில்லை.

ஆகவே கடிதத்தின் கடைசி வரியை மட்டும் தருகிறேன்: 'இத்துடன் ஐந்து கிலோ உப்பு. சமைக்காதே. முதுகில் மாட்டிக்கொண்டு ஏறு.'

தாம்பரத்தில் தினமும் ஏறுகிறவர் நீங்கள் என்றால், திங்கட்கிழமை அவள் உங்கள் பின்னால்தான் நிற்பாள். மிச்சம் உங்கள் கையில்.

உறையை ஒட்டி, மூட்டையின் வாயோடு சேர்த்துத் தைத்தோம். தாம்பரம் பஸ்ஸில் கொடுத்தனுப்ப, கன்னியப்பன் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார். எதிரே மேஸ்திரி, கையில் செல்போன் மட்டும். நிமிர்ந்து பார்த்தவர், மறுபேச்சில்லாமல் பாத்திக்குள் இறங்கி நின்றார்.