பட்டப்பகலை இருட்டாக்கிய மொசுகே

"யோவ் மொசுகே! என் கடையில உச்சிவெயில் காயுது, உன் படத்துல மட்டும் ஏன்யா நடுராத்திரியா இருக்கு?"

"கத்தாதேக்கா, தெருவே பாக்குது."

"பாக்கட்டும்! தெருவுக்காவது கண்ணு இருக்கே!"

பார்க்கத்தான் செய்தது. சுமிதா ஆற்றங்கரையில் தேநீர்க் கடை ஒட்சுனாவின் குரல் உயர்ந்தால் படகுக்காரர்கள்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ரியோகோக்கு பாலத்தடியில் புதிது புதிதாகத் தேநீர்க் கடைகள் முளைத்ததில், இவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடையிலும் வியாபாரம் இல்லையென்றால் காலிசெய் என்று இடத்துக்காரர் சொல்லியாகிவிட்டது. படங்களை அச்சிட்டு விற்கும் பதிப்பாளரைக் கெஞ்சிக் கூத்தாடி, ஆற்றுக் காட்சிப் படத்தின் ஓரத்தில் தன் கடையையும் வரையவைத்திருந்தாள். படத்தைப் பார்த்தாவது நாலு பேர் வருவார்களே!

படம் செதுக்கிய மரக்கட்டையில் நீலச்சாயம் தடவியதும், காகிதத்தை வைத்து அழுத்துமுன் ஈரத்துணியால் பாதியைத் துடைத்துவிட வேண்டும். அப்போதுதான் வானம் மேலே கருத்து, கீழே வெளுக்கும். அச்சுக்காரன் மொசுகேயோ தெருவில் போன மல்யுத்த வீரர்களை எட்டிப் பார்த்தபடியே வேலை செய்திருந்தான். துணி அதுபாட்டுக்குக் கிடந்தது. வானமும் ஆறும் ஒரே கருநீலம். கடைவாசல் காகித விளக்கு மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று. காகிதத்தை வீணாக்க மனம் வராத பதிப்பாளர், அப்படியே விற்பனைக்கு விட்டுவிட்டார்.

சில நாள் கழித்து, வழக்கம்போல் பொழுது சாய்ந்ததும் ஒட்சுனா கடையை அடைத்தாள். கதவை யாரோ தட்டினார்கள்.

"படத்துல இருக்கற விளக்கு இதானேம்மா? ஏத்துங்க, படத்துல பாத்த மாதிரி ராத்திரிக் காத்து வாங்க வந்திருக்கோம்!"

விசிறியும் கையுமாக ஒரு கும்பலே நின்றது. மறுநாள் இன்னும் அதிகம். கடைசியில் இடத்துக்காரரே வந்து, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஊரறியத் திட்டியவள் ஊரறியத்தானே நன்றி சொல்ல வேண்டும்? சுட்ட விலாங்குமீனோடு மொசுகேயின் அச்சுப் பட்டறை வாசலுக்குப் போனாள்.

"வச்சுட்டுப் போறேன். பூனைக்குப் போட்டுடாதே."

"நன்றின்னு சொன்னா வாய் வெந்துடுமாக்கா?"

ஒட்சுனா மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள். "என் அடுப்பு எரியறது உன்னாலதான்யா." எழுந்ததும், "ஆனா குருட்டு வேலை குருட்டு வேலைதான்!" என்றாள்.

தெரு சிரித்தது. சிலர் மூக்கையும் சிந்திக்கொண்டார்கள்.

இருவருக்கும் முடிச்சுப் போட்டுப் பேசிய வாய்களுக்கு ஏமாற்றம்தான். அடுத்த வசந்தத்தில் மொசுகே, ஒட்சுனாவின் தங்கை ஒமினேயைக் கட்டிக்கொண்டு அக்கரையில் ஹோன்ஜோவுக்குக் குடிபோனான். போட்டிக்கு முளைத்த எதிர்க்கடைக்காரர், வியாபாரம் படுத்துப்போய் அசகுசா பக்கம் நகர்ந்தார். ஒட்சுனா யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வருபவர்கள் மாலையில்தான் வருகிறார்கள். அவளுக்கு அப்போது ஏது நேரம்?