ஊர் என்று ஒரு கட்டம்

என் மனைவி கட்டடங்களுக்கு மாதிரி செய்கிறவள். கட்டப்போகிற வீட்டை அட்டையிலும் மெல்லிய பலகையிலும் மேசைமேல் நிற்கிற அளவில் செய்து கொடுப்பாள், ஜன்னல்கூடத் திறக்கும். அந்த வேலை பெருநகரத்தில்தான் கிடைத்தது. ரயிலில் ஏழு மணி நேரம். நான் இங்கே குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். இரண்டு வருடமாக மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் குடும்பம் நடத்துகிறோம்.

ஒரு தடவை அவள் வந்திருந்தபோது ஒரு முடிவு செய்தோம். சொந்தமாக மூன்று வாடிக்கையாளர்கள் கிடைத்தால் அவள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள்; அவள் வேலை செய்ய முன்னறையை நான் ஒழித்துத் தருவேன். தொழில் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடிக்கிற இணையதளத்தில் அவளுக்கு ஒரு பக்கம் இருந்தது. ‘கடின உழைப்பாளி, எதையும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் உண்டு’ என்று போட்டிருந்தாள். அதைப் படித்துவிட்டு யார் வேலை கொடுப்பார்கள்? திருத்துகிற பொறுப்பையும், விசாரிக்கிறவர்களுக்குப் பதில் எழுதுகிற பொறுப்பையும் நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் படம். அவள் தனியாகச் சிரிக்கிற படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்திலிருந்து வெட்டிப் போட்டேன். மறுநாளே போன் வந்தது.

“ஏங்க, பக்கத்துல அது யாரு தோளுன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“தெரிஞ்ச தோளுதான், மாசத்துல ரெண்டு நாள் கிடைக்கும்னு சொன்னேன்.”

சிரித்தோம். பேசி முடித்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அப்புறம் எழுத்து. ‘அஸ்திவாரம் தோண்டும் முன்பே உங்கள் வீட்டைத் தொட்டுப் பார்க்கலாம்’ என்று தொடங்கினேன். ஒவ்வொரு மாதிரிக்குப் பக்கத்திலும் அளவு தெரிய ஒரு பென்சிலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவளோடு முன்பு வேலை பார்த்த இரண்டு பொறியாளர்களிடம் நாலு வார்த்தை கேட்டு வாங்கிச் சேர்த்தேன். ஊர் என்ற கட்டத்தில் எங்கள் ஊரை எழுதினேன். வரப்போகிறவள்தானே.

மூன்று வாரத்தில் ஐந்து பேர் விசாரித்தார்கள். ஐந்து பேரும் பெருநகரத்துக்காரர்கள். பாதி வேலையில் நேரில் பார்த்து, இந்தச் சுவரைத் தள்ளு, அந்தப் படியைத் திருப்பு என்று சொல்ல வேண்டும் அவர்களுக்கு. ஏழு மணி நேரம் என்று நான் மரியாதையாகப் பதில் எழுதியதும் ஐந்து பேரும் ஓசைப்படாமல் நழுவிவிட்டார்கள். இதை அவளிடம் சொல்லவில்லை.

“ஒருத்தருமே வரலியா?” என்று கேட்டாள் ஒரு நாள். “அப்ப என் வேலைதான் சுமாரா இருக்கு போல. விட்டுருங்க. நான் ஆசைப்பட்டதே அதிகம்.”

அது அவள் குரலாகவே இல்லை. பிரிந்திருப்பதைப் பொறுத்துக்கொண்டவனால் அதைப் பொறுக்க முடியவில்லை. விசாரித்த ஐந்து பேரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். “இனிமே வர்றவங்களுக்கு நானே பதில் எழுதிக்கிறேன்” என்றாள். போனை வைத்த கையோடு ஊர் என்ற அந்தக் கட்டத்தில் பெருநகரத்தின் பெயரை எழுதினேன்.

ஒன்பதாம் நாள் கூப்பிட்டாள்.

“ஏங்க! நாலு பேரு! ஒருத்தர் பள்ளிக்கூடமே செய்யச் சொல்றாரு!” மூச்சு வாங்கினாள். பிறகு, “ஊர மாத்திட்டீங்களா?”

“ஆமா.”

“எல்லாரும் இங்கதான இருக்காங்க. அப்ப நான் எப்படி அங்க வர்றது?”

பாதி ஒழித்து வைத்திருந்த முன்னறையைப் பார்த்தேன்.

“வேலைய விட்டுட்டு இங்கயே ஒரு இடம் பிடிக்கணும்” என்றாள் மெதுவாக. “ஒருத்தருக்குப் பாக்கவா, ரெண்டு பேருக்குப் பாக்கவா?”

“ரெண்டு பேருக்கே பாரு.”

“உங்க ஆபீஸ்ல விட்டுருவாங்களாக்கும்!”

“கேட்டாத்தான தெரியும்.”

எங்கள் அலுவலகத்தில் எல்லோருடைய இடமாற்ற விண்ணப்பமும் நான் எழுதியதுதான். பத்து நிமிட வேலை. நெஞ்சுவலி என்போம், பிள்ளை படிப்பு என்போம். என்னுடையதற்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. கடைசியில், ‘என் மனைவி அந்த ஊரில் இருக்கிறாள்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

“இதெல்லாம் ஒரு காரணமாய்யா?”

“எனக்கு இது ஒண்ணுதான் சார்.”

அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் தரவில்லை. மேசை ஓரத்தில் இருந்த காகிதக் கட்டின்மேல் வைத்தார். அடியில் நான் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த பதினேழு விண்ணப்பங்கள் இருந்தன.