எத்தனை மணிக்கு?

அவசரப் பிரிவின் கதவு தடாரென்று சுவரில் மோதியது. துணி ஆலை சூப்பர்வைசர், சக்கர நாற்காலியில் ஒரு தையல்காரியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"பல்லு வலி சிஸ்டர். கூடவே கேஸு. ஊசி ஒண்ணு போட்டுவிடுங்க, போயிடுறோம்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. சரக்கு அனுப்பும் வாரம் வந்தால் போதும், அந்த ஆலையிலிருந்து லீவுச் சீட்டுக்கு ஆள் வந்துவிடும். இந்த மாதம் இது மூன்றாவது.

"எந்தப் பல்லும்மா?"

"எல்லாமே வலிக்குதுக்கா. தாடையிலேருந்து முதுகு வரைக்கும் இழுக்குது."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லக்கா. வாந்திதான்."

நர்ஸ் ஈறை அழுத்திப் பார்த்தாள். தையல்காரி முகம் சுளிக்கவில்லை. நாடி பிடிக்கக் கையைத் தொட்டபோது நர்ஸின் சிரிப்பு நின்றது. நடித்தால் கண்ணீர் வரும். இப்படிச் சில்லென்று வேர்க்காது.

ஐந்தாவது நிமிடம் இ.சி.ஜி. தாள் டாக்டர் கையில் இருந்தது.

"ஹார்ட் அட்டாக். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? அதை வச்சுத்தான் இங்கேயே மருந்து போடுறதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதான்னு பார்க்கணும்."

"ஆறரைக்கு டாக்டர்," என்றார் சூப்பர்வைசர். "ஷிஃப்ட் முடிஞ்சு, கேட்டைத் தாண்டி, ரோட்டுல. கம்பெனிக்குள்ள எதுவும் நடக்கல."

நேரத்தைத்தானே கேட்டார்கள்? இவர் ஏன் இடத்தையும் சேர்த்துச் சொல்கிறார்?

நர்ஸ் படிக்கப் போகுமுன் இரண்டு வருடம் அதே ஆலையில் நூல் பிசிறு வெட்டியவள். ஏப்ரனைக் கழற்றி வாங்கிக்கொள்ளாமல் வாட்ச்மேன் யாரையும் வெளியே விட மாட்டான். இந்தத் தையல்காரியின் இடுப்பில் ஏப்ரன் முடிச்சுப் போட்டபடியே இருந்தது. அதில் வாந்தி காய்ந்து, நூல் பிசிறோடு சேர்ந்து பொருக்காகியிருந்தது. இப்போது மணி ஏழு. அரை மணி நேரத்தில் இப்படிக் காயுமா?

"நெஜமா எப்பம்மா ஆரம்பிச்சது?"

"அதான் நான் சொல்றேன்ல சிஸ்டர்? அவளுக்குப் பேசவே தெம்பு இல்ல."

"உங்களைக் கேக்கல சார். வெளிய நில்லுங்க."

அவர் நகரவில்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் செல்போனைத் தடவிக்கொண்டே கதவுக்கு அந்தப்பக்கம் போனார். தையல்காரி கதவு மூடும்வரை அதையே பார்த்திருந்தாள். பிறகு நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"காலையில ஒன்பது மணிக்கே சொன்னேன்க்கா. 'விழுறதா இருந்தா, சாயந்திரம் கார்டு அடிச்சிட்டு வெளிய போய் விழு'ன்னாரு."