பதினொரு வரி

வருஷம் இருபத்திரண்டா இருபத்து மூன்றா என்பது இப்போது நிச்சயமில்லை. அன்று மழை பெய்தது என்பதுகூடப் பிறகு சேர்ந்துகொண்டதாக இருக்கலாம். ஆனால் வேதியியல் ஆசிரியை அன்புக்கரசிக்குப் பள்ளி கேட்டைத் தாண்டினால் எழுத்துத் தெரியாமல் போனது ஒரு திங்கட்கிழமைதான். அன்று காலை வேலையில் சேர்ந்தவள், அங்குள்ள வழக்கப்படி, தன் அசல் சான்றிதழ்களைத் தாளாளர் ஐயாசாமியிடம் கொடுத்தாள். அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார். வகுப்பில் எல்லாம் படிக்க வந்தது. மாலையில் துடியலூர் நிறுத்தத்தில் பஸ் போர்டு வெறும் கோடுகளாக இருந்தது.

"ஏனுங்க, இது காந்திபுரம் போகுங்களா?"

"டீச்சரே இப்படிக் கேட்டா, நாங்க புள்ளைகளை எங்கீங்க படிக்க வெக்கிறது?" என்றார் கண்டக்டர்.

வீட்டில் கணவன் ரவிக்குமார் செய்தித்தாளை வாசித்துக் காட்டினான். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு அவள் வாங்கிவைத்த புத்தகத்தையும் வாசித்தான். சமன்பாடுகளை மளிகைச் சீட்டு மாதிரி வாசித்தான். தேர்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

கணக்கு டீச்சர் சாஜிதா பேகம்தான் அவளை ஆசிரியர் சங்கத்துக்கு அழைத்துப் போனாள். சிங்காநல்லூரில் மோட்டார் பட்டறைக்கு மேலே ஒரு அறை. உறுப்பினர் படிவம் வந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று அன்புக்கரசி அதைப் பக்கத்தில் நீட்டினாள். அங்கேயும் கண்ணாடி இல்லை. படிவம் அவளோடு சேர்த்துப் பதினொரு பேரைச் சுற்றி அவளிடமே வந்தது. பதினொருவரும் ஐயாசாமியின் நான்கு பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். யாரும் சிரிக்கவில்லை. கூரை ஒழுகியதால் எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். தோள்கள் ஒட்டியதும் எழுத்து தெரிந்தது, ஆளுக்கு ஒரு வரி. சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கை மனுவையும் அப்படியே எழுதினார்கள். அது பதினொரு வரிக்கு மேல் போகவில்லை.

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் ஐயாசாமி அன்புக்கரசியைக் கூப்பிட்டார்.

"உங்களுது மட்டும் இப்பவே தந்துபோடறேன் அம்மணி. சங்கம் கிங்கமெல்லாம் வேண்டாம்."



"பதினொண்ணும் எடுத்துட்டு வாங்க. இங்கயே இருக்கறேங்க" என்று வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். மற்ற பத்துப் பேரும் வந்து சேர்ந்தார்கள். நான்கு பள்ளிகளிலும் மூன்று நாள் பாடம் நடக்கவில்லை. நான்காம் நாள் பீரோ திறந்தது. பத்துப் பேருடையது நன்றாக இருந்தது. சாஜிதா பேகத்தினுடையதைக் கறையான் தின்றிருந்தது.

அன்புக்கரசி தேர்வில் தேறி, காங்கேயம் அரசுப் பள்ளியில் இருக்கிறாள். ஐயாசாமி பீரோவை விற்றுவிட்டார். எழுத்து இன்னும் திரும்பாத சாஜிதா பேகம் அடுத்த வருடம் தேர்வு எழுதினாள். பத்துப் பேரும் பக்கத்தில் உட்கார அனுமதி கேட்டுச் சங்கம் மனு கொடுத்தது. அனுமதி வந்தது. பேசக் கூடாது என்று மட்டும் நிபந்தனை.